கையில் எடுத்தால் விழும் சிக்னல்: உலோகச் சட்டப் போனுடன் இரண்டு ஆண்டுகள்

திரையிலும் கேமராவிலும் எனக்குக் குறையில்லை. இரண்டாவது ஆண்டு முடியப்போகிறது, வேகமும் அப்படியே இருக்கிறது. போன் என்ற பெயருக்கு முதல் வேலையான பேசுவதில்தான் கோளாறு.

எங்கள் தெருவுக்கு டவர் சற்றுத் தள்ளி இருக்கிறது. மேசையில் கிடக்கும்வரை பிரச்சினை இல்லை. இடது கையில் எடுத்துக் காதில் வைத்தால் எதிர்முனையில் இருப்பவர் ‘ஹலோ, ஹலோ’ என்று தேட ஆரம்பித்துவிடுவார். திரையில் தெரியும் சிக்னல் கோடுகளை நம்பாமல், செட்டிங்ஸில் சிம் நிலை என்ற இடத்தில் வரும் டிபிஎம் (dBm, சிக்னல் வலிமையின் அளவு) எண்ணைப் பார்த்தேன். அது மைனஸ் எண். 4ஜியில் -85 என்றால் தாராளம். -110க்குக் கீழே போனால் பேச்சு அறுபடும். மேசையில் -98 காட்டியது, சட்டத்தின் இடது கீழ் ஓரத்தில் உள்ள பிளாஸ்டிக் கீற்றின் மேல் உள்ளங்கை படிந்ததும் -112க்குப் போனது. இந்த எண் 10, அதாவது 10 டெசிபல், குறைந்தாலே வந்துசேரும் ஆற்றல் பத்தில் ஒரு பங்காகிவிடும். இங்கே இறங்கியதோ 14.

இவ்வகைப் போன்களில் உலோகச் சட்டமே ஆன்டெனா. அந்தக் கீற்றுகள் அழகுக்கு வைத்தவை அல்ல, ஆன்டெனாத் துண்டுகளைப் பிரிப்பவை. கை அங்கே படிந்தால் அலைவரிசைப் பொருத்தம் குலைகிறது. போதாததற்கு உடம்பும் அலையைக் கொஞ்சம் விழுங்குகிறது.

சர்வீஸ் சென்டரில் முதலில் சிம்மை மாற்றச் சொன்னார்கள். பிறகு போனில் இருந்த எல்லாவற்றையும் அழித்துக் கொடுத்தார்கள். அடுத்து, ‘நெட்வொர்க்காரர்களைக் கேளுங்கள் சார்.’ கடைசியாக ஓர் அப்டேட் வந்தது. கோடுகள் கூடின, டிபிஎம் எண் அசையவில்லை. காய்ச்சல்காரனுக்குத் தெர்மாமீட்டரை மாற்றிக் கொடுத்த வைத்தியம்.

இந்த வரிசை புதிதல்ல. 2010 ஜூன் 24 அன்று ஐபோன் 4 வெளிவந்தபோதே இதே இடது கீழ் ஓரம்தான் பிரச்சினை. புகார் எழுதிய வாடிக்கையாளருக்கு ஆப்பிள் தலைவர் ஸ்டீவ் ஜாப்ஸ், அப்படிப் பிடிக்காமல் இருங்கள் என்று பதில் போட்டார். ஜூலை 2 அன்று ஆப்பிள், கோடுகளைக் கணக்கிடும் சூத்திரமே தவறு, சில நேரம் இரண்டு கோடுகள் கூடுதலாகக் காட்டிவிட்டோம் என்றது. அவர்களாவது கோடுகளைக் குறைத்தார்கள்! ஜூலை 12 அன்று அமெரிக்க நுகர்வோர் இதழான கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் அந்தப் போனைப் பரிந்துரைக்க மறுத்தது. நான்கு நாள் கழித்து நடந்த செய்தியாளர் சந்திப்பில் பிளாக்பெர்ரி, எச்டிசி, சாம்சங் போன்களிலும் கோடு இறங்குவதைக் காட்டிவிட்டு, இலவச உறை தருவதாக ஜாப்ஸ் அறிவித்தார். எல்லாப் போனிலும் கை படிந்தால் குறையும் என்பது உண்மையே. எவ்வளவு குறைகிறது என்பதில்தான் சிக்கல். இதற்காகப் போடப்பட்ட வழக்கில் 2012இல் அமெரிக்க வாடிக்கையாளர்களுக்கு 15 டாலர் அல்லது உறை என்று சமரசம் ஆனது. அதற்கு முன்பே, 2011இல் வந்த ஐபோன் 4எஸ், நிலைமைக்கு ஏற்ப இரண்டு ஆன்டெனாக்களுக்கிடையே மாறிக்கொள்ளும்படி செய்யப்பட்டிருந்தது. நேர்மையான பதில் என்றால் எனக்கு அது ஒன்றுதான்.

என் போனுக்கு இலவச உறைகூட வரவில்லை. நானே வாங்கிய தடித்த ரப்பர் உறை போட்டபின் கையில் இருக்கும்போது -105 அளவில் நிற்கிறது. பேச்சு பெரும்பாலும் அறுபடுவதில்லை. உலோகத் தகடு பதித்த உறையைப் போட்டுப் பார்த்தேன், இன்னும் மோசம். வீட்டுக்குள் வைஃபை அழைப்பை இயக்கிவிட்டேன். பயணத்தில் பேட்டரி சீக்கிரம் இறங்குகிறது, சிக்னல் மங்கும்போது போன் கூடுதல் சக்தி கொட்டி டவரை எட்ட வேண்டியிருப்பதால்.

எண்கள் தெரியும் ஸ்கிரீன்ஷாட்களை இணைத்து நிறுவனத்துக்கு எழுதினேன். ‘அனுமதிக்கப்பட்ட வரம்புக்குள் உள்ளது’ என்று பதில் வந்தது. வரம்பு எவ்வளவு என்று திருப்பிக் கேட்டேன். அதற்குப் பதில் இல்லை. டவர் பக்கத்தில் இருப்பவர்கள் இந்தப் போனைத் தாராளமாக வாங்கலாம். மற்றவர்கள், வாங்கும் முன் கடையில் உறை இல்லாமல் இறுகப் பிடித்து அந்த எண்ணைப் பார்த்துவிடுங்கள்.