முதுநகர் மெஸ் சுறா புட்டு: பதம் சரி, மீன்தான் கேள்வி

கடலூர் முதுநகர் துறைமுகத்தை ஒட்டிய சின்ன மெஸ் அது. சுறா புட்டு மதியம் மட்டும்தான். ஒன்றரை மணிக்கு மேல் போனால் ரசமும் அப்பளமும்தான் மிஞ்சும்.

புட்டு உதிரி உதிரியாக விழுகிறது, பிசுபிசுப்பே இல்லை. வெந்த மீனைத் துணியில் கட்டி ஒட்டப் பிழிந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். பெரும்பாலான கடைகள் கோட்டை விடுவது இங்கேதான். தண்ணீர் நின்றால் வதக்கும்போது களியாகிவிடும். அரைக் கிலோ சுறாவுக்குக் கால் கிலோ சின்ன வெங்காயம், ஆறு பச்சை மிளகாய், ஒரு முழுப் பூண்டு, நாலு கரண்டி நல்லெண்ணெய் என்பது வீட்டுக் கணக்கு. இங்கே வெங்காயத்தில் கஞ்சத்தனம் இல்லை, எண்ணெய்தான் கொஞ்சம் தூக்கல்.

குறை என்றால் தோல். மஞ்சளும் உப்பும் போட்டுப் பத்து நிமிடம் வேகவைத்து, சூடு ஆறுவதற்குள் தோலைச் சுரண்டிவிட வேண்டும். ஆறிப்போனால் ஒட்டிக்கொள்ளும். தட்டில் இரண்டு இடத்தில் பல்லில் மணல் நெரிபடுவதுபோல் நறநறத்தது அதனால்தான். மூக்கைத் துளைக்கும் அமோனியா நெடி துளியும் இல்லை. சுறாவின் சதையில் யூரியா உண்டு, மீன் பழசானால் அதுதான் அமோனியாவாக மாறும். ஆக, சரக்கு புதுசு.

எந்தச் சுறா என்று கேட்டால் "பால் சுறாதாங்க" என்று பதில் வருகிறது. தலையும் துடுப்பும் போன துண்டில் பால் சுறாவா, சுத்தியல் தலை கொண்ட கொம்பன் சுறாக் குட்டியா என்று சமைப்பவருக்கே தெரியாது. பால் சுறா ஒரு மீட்டர் அளவிலேயே முழு வளர்ச்சி கண்டுவிடும். கொம்பனுக்கு அந்த அளவு பிள்ளைப் பருவம். பக்கத்து ஊர்ப் பெயரைத் தாங்கிய பாண்டிச்சேரி சுறா கடைசியாக உறுதியாகப் பதிவானது 1979இல். அதைப் பிடிப்பதும் விற்பதும் குற்றம்.

ஆமைக் கறி இருக்கிறதா என்று இன்னமும் விசாரிக்கிற ஆட்கள் உண்டு. தூத்துக்குடிப் பக்கம் பேராமைக் கறி சந்தையிலேயே விற்ற காலம் இருந்தது. 1972 வனவிலங்குச் சட்டத்தில் கடலாமைகள் முதல் பட்டியலில் இருக்கின்றன, மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறை. இந்தக் கரைக்கு முட்டையிட வரும் பங்குனி ஆமையும் அதில் அடக்கம். மெஸ்காரர் "அந்தப் பேச்சே வேண்டாம்" என்று கையெடுத்துக் கும்பிட்டு அனுப்புகிறார். சுறா வாங்கும்போதும் அதே கறார் இருக்கலாம்: தலையோடு முழு மீனாக ஏலத்தில் எடுத்தால் போதும்.

பிள்ளை பெற்றவர்களுக்குப் பால் ஊற வாங்குபவர்கள், பெரிய சுறா என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மீன் பெரிதாகப் பெரிதாகப் பாதரசமும் கூடும். பார்சலுக்கு வாழையிலை கேட்டால் தருகிறார்கள்.