‘ஆட்டோ’விலேயே விட்டுவிடுங்கள்: திருவல்லிக்கேணியில் சில வருட ஸ்ட்ரீமிங் அனுபவம்

ஆன்லைன் வீடியோவில் தரத்தைத் தானாகக் கூட்டிக் குறைக்கிற ‘ஆட்டோ’வைப் பற்றி வீட்டிலும் ஆபீஸிலும் கேட்கிற ஒரே புகார், “நான் 100 எம்பிபிஎஸ் பிளான் போட்டிருக்கேன், எனக்கு ஏன் மங்கலா வருது?” என்பதுதான். ஆட்டோவுடைய முதல் கவலை படம் நிற்கக் கூடாது என்பது. பளிச்சென்று தெரிய வேண்டும் என்பதெல்லாம் அப்புறம்தான். இதை மனதில் வைத்துக்கொண்டால் அதன் மேல் வருகிற பாதிக் கோபம் போய்விடும், மீதிப் பாதி நியாயமான கோபம், அதற்கும் வருகிறேன்.

ஊரடங்குக் காலத்திலிருந்தே எங்கள் வீட்டில் டிவி என்றால் இன்டர்நெட்தான். 2020 மார்ச்சில் எல்லாரும் ஒரே நேரத்தில் படம் பார்க்க உட்கார்ந்ததும், ஸ்ட்ரீமிங் நிறுவனங்கள் சேர்ந்து மொபைல் நெட்வொர்க்கில் 480பிக்கு (சுமாரான தரம், 1080பி அதைவிடக் கூர்மை) மேல் போவதில்லை என்று ஏப்ரல் 14 வரை முடிவெடுத்தார்களே, நினைவிருக்கிறதா? அப்போதுதான் இந்தத் தரம் ஏறி இறங்குவதை உட்கார்ந்து கவனிக்க ஆரம்பித்தேன்.

கவனிக்க ஆசைப்பட்டால் கம்ப்யூட்டரில் யூடியூப் வீடியோ மேல் ரைட் கிளிக் செய்து ‘ஸ்டேட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்’ என்பதைத் திறந்து வையுங்கள். அதில் எனக்குப் பிடித்த வரி ‘பஃபர் ஹெல்த்’. இன்னும் எத்தனை நொடிக்கான வீடியோ கையிருப்பில் இருக்கிறது என்று காட்டும். ரௌட்டரை அணைத்துவிட்டுப் பாருங்கள், அந்த எண் மெதுவாகக் கரையும், ஆனால் பாட்டு பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். விஷயம் இதுதான்: சர்வரில் ஒரே வீடியோவை 240பியிலிருந்து 4கே வரை பல தரத்தில் வைத்து, ஒவ்வொன்றையும் சில நொடித் துண்டுகளாக நறுக்கியிருப்பார்கள். 2009இல் ஆப்பிள் கொண்டுவந்த எச்எல்எஸ் என்ற ஸ்ட்ரீமிங் முறையில் முதலில் 10 நொடித் துண்டு என்றார்கள், பிறகு 6 நொடி போதும் என்றார்கள். 2012இல் சர்வதேசத் தரமாக வந்த எம்பெக்-டேஷும் இதே வழிதான். 6 நொடித் துண்டு 2 நொடியில் வந்து சேர்ந்தால் பிளேயருக்குத் தைரியம் வந்து அடுத்ததைப் பெரிய தரத்தில் கேட்கும். அதே துண்டு வர ஐந்தரை நொடி ஆனால் ஒரு படி இறங்கிவிடும். கேட்பது நம் டிவியோ போனோதான், சர்வர் கேட்டதை எடுத்துக் கொடுக்கும், அவ்வளவுதான். அதனால்தான் ஒரே வைஃபையில் போனில் பளிச்சென்றும் டிவியில் சுமாராகவும் ஓடுகிறது.

படம் ஆரம்பிக்கும்போது சில நொடி மங்கலாக வருவதும் இதனால்தான், லைன் எப்படி இருக்கிறது என்று அதற்கு இன்னும் தெரியாது. அம்மா ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு “என்னடா, மறுபடியும் புகையா வருது?” என்பார். “கொஞ்சம் இரும்மா, தெளிஞ்சிடும்” என்று சொல்லி முடிப்பதற்குள் தெளிந்திருக்கும்.

இப்போது பிளான் வேகத்துக்கு வருவோம். நெட்ஃபிளிக்ஸே 1080பிக்கு 5 எம்பிபிஎஸ், 4கேவுக்கு 15 எம்பிபிஎஸ் போதும் என்றுதான் சொல்கிறது. அப்படியென்றால் 100 எம்பிபிஎஸ் வைத்திருக்கிற வீட்டில் ஏன் இறங்குகிறது? எங்கள் வீட்டில் காரணம் சுவர். திருவல்லிக்கேணிப் பழைய வீடுகளின் சுவர் தெரியுமே, ஒன்றரை அடி செங்கல். ரௌட்டர் வாசல் அறையில், டிவி உள்கூடத்தில். 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை அந்தச் சுவரைத் தாண்டுவதற்குள் களைத்துவிடும், 2.4இலோ அக்கம்பக்கத்து ரௌட்டர்கள் எல்லாம் ஒரே சேனலில் நெரிசல். பிளானை 200க்கு ஏற்றச் சொல்லி எங்கள் சேவைக்காரர் தரப்பிலிருந்து போன் மேல் போன் வரும். அதற்குப் பதிலாக ஒரு லான் கேபிளை நிலைப்படி ஓரமாக இழுத்து டிவியில் செருகினேன், ராத்திரி 9 மணிக்குக்கூட இப்போது இறங்குவதில்லை. பல டிவிகளில் லான் போர்ட் 100 எம்பிபிஎஸ் வரைதான் தாங்கும், வைஃபையே வேகம் என்று சிலர் சொல்வார்கள். சொல்லட்டும், 4கேவுக்கு அது தாராளம். ஸ்ட்ரீமிங்குக்கு வேகத்தைவிடச் சீராக வருவதுதான் முக்கியம். ரோட்டில் ஜேசிபி தோண்டி ஃபைபர் அறுந்து, ரௌட்டரில் சிவப்பு லைட் மினுக்க ஆரம்பித்தால் மட்டும் எந்தத் தொழில்நுட்பமும் உதவாது. லைன்மேன் அண்ணன் வரும்வரை போன் ஹாட்ஸ்பாட்தான்.

இந்தத் தொழில்நுட்பத்தின் அருமை எனக்குத் தெரிவது மார்கழியில். சபா கச்சேரிகளை ஆன்லைனில் பார்ப்பவர்களுக்குத் தெரியும், லைன் சொதப்பும்போது முதலில் போவது பாடகியின் பட்டுப்புடவை ஜரிகைதான். கரையில் இருந்த கட்டங்கள் கரைந்து வெறும் மஞ்சள் பட்டையாகிவிடும், பின்னால் தொங்குகிற பேனர் எழுத்து படிக்க முடியாமல் போகும், ஆனால் தம்பூரா அறுபடாது. பெரும்பாலும் ஒலியைத் தனித் தடமாக அனுப்புகிறார்கள், வீடியோ பக்கத்தில் நின்றால் அதன் பிட்ரேட், அதாவது நொடிக்கு அனுப்புகிற டேட்டா, கால் தூசுக்குச் சமம், அதனால் படம் எத்தனை படி இறங்கினாலும் ஆலாபனை அப்படியே வரும். முன்பு டிஷ் வைத்திருந்தபோது ஐப்பசி மழை கொட்டினால் படமும் கிடையாது சத்தமும் கிடையாது, ‘நோ சிக்னல்’ என்று ஒரு நீலத்திரை, அவ்வளவுதான்.

கிரிக்கெட் வேறு கதை. பந்து பவுண்டரிக்குப் பறக்க, கேமரா கூடவே திரும்பும்போது 1080பி என்று எழுதியிருந்தாலும் புல்தரை கீரை மசியல் மாதிரி ஆகிவிடும், கீழே ஸ்கோர் பட்டை மட்டும் கூர்மையாக நிற்கும். 1080பி என்பது புள்ளிகளின் எண்ணிக்கைதான், அதற்குள் எவ்வளவு பிட்ரேட் கொடுத்தார்கள் என்பதில் இருக்கிறது படத்தின் தரம். வேகமான ஆட்டத்துக்கு நிறைய வேண்டும், கார்ட்டூனுக்குக் கொஞ்சம் போதும். 2015 டிசம்பரில் நெட்ஃபிளிக்ஸ் ஒவ்வொரு படத்துக்கும் எந்தத் தரத்துக்கு எவ்வளவு பிட்ரேட் என்று தனித்தனி ஏணி போடப்போவதாக அறிவித்ததன் அடிப்படை இதுதான். நேரலையில் அப்படி முன்கூட்டியே ஆராய்ந்து வைக்க நேரம் ஏது?

தாமதமும் இருக்கிறது. எங்கள் தெருவிலிருந்து சேப்பாக்கம் நடக்கிற தூரம். சென்னை ஆடுகிற அன்று முதலில் மைதானத்திலிருந்து விசில் சத்தம் மொட்டை மாடி வழியாக வரும், அப்புறம் டிஷ் வைத்திருக்கிற எதிர்வீட்டில் கத்துவார்கள், அதற்கும் பிறகுதான் என் டிவியில் பவுலர் ஓடிவர ஆரம்பிப்பார். துண்டு துண்டாக நறுக்கி, சிலவற்றைக் கையிருப்பில் வைத்துக்கொண்டு ஓட்டினால் பின்தங்கத்தான் செய்யும். தாமதத்தைக் குறைக்கத் துண்டை இன்னும் பொடியாக்கி அனுப்புகிற முறைகள் சில வருடங்களாக வந்துகொண்டிருக்கின்றன, ஆனால் கையிருப்பு குறைந்தால் பஃபரிங் எட்டிப் பார்க்கும். நான் ஜன்னலைச் சாத்திவிட்டுப் பார்க்கிறேன்.

வெளியே போனால், கிண்டியில் மெட்ரோ ஏறி அரசினர் தோட்டத்தில் இறங்குகிற வழியில் ஆட்டோவின் சாமர்த்தியம் தெரியும். சின்னமலை வரை மேம்பாலம், சைதாப்பேட்டையில் ரயில் பூமிக்குள் இறங்கும்போது சிக்னல் தடுமாறும், கையிருப்பில் இருக்கிற நொடிகள் அந்த இடைவெளியைத் தாண்டக் கொடுத்துவிடும். படம் ஒரு படி இறங்கும், நிற்காது. இங்கே கையால் 1080பி வைத்தால் வட்டம் சுற்றும். பணத்துக்கும் கேடு: 5 எம்பிபிஎஸ்ஸில் ஓடினால் ஒரு மணி நேரத்துக்கு 2.25 ஜிபி, தினம் 1.5 ஜிபி பேக் நாற்பது நிமிடத்தில் காலி. ஆறு அங்குலத் திரைக்கு 480பி போதும். மொபைல் டேட்டாவில் மட்டும் உச்சவரம்பு வையுங்கள், வீட்டில் ஆட்டோவிலேயே விட்டுவிடுங்கள்.

சரி, அந்த நியாயமான கோபம். நான் காசு கட்டிப் பார்க்கிற ஒரு ஆப்பில், டிவியில் என்ன தரத்தில் ஓடுகிறது என்று காட்டுவதே இல்லை. ‘பெஸ்ட்’, ‘பெட்டர்’, ‘டேட்டா சேவர்’ என்று மூன்று பெயர் மட்டும். பெஸ்ட் என்றால் எத்தனை, யாருக்குத் தெரியும்? போனிலும் இப்படி ஒரு மறைவு உண்டு: வைட்வைன் என்கிற நகல்தடுப்பு முறையின் உயர்ந்த படியான எல்1 சான்று இல்லாத போன் என்றால், திரை எவ்வளவு நல்லதாக இருந்தாலும் நெட்ஃபிளிக்ஸ் போன்ற ஆப்கள் 480பி அளவோடு நிறுத்திவிடும், லைன் மேல் தப்பே இருக்காது. பிளே ஸ்டோரில் டிஆர்எம் இன்ஃபோ மாதிரி இலவச ஆப் இருக்கிறது, போட்டுப் பார்த்தால் எல்1ஆ, கீழ்ப்படியான எல்3ஆ என்று தெரிந்துவிடும். கடையில் புதுப் போன் வாங்கும்போது டெமோ பீஸில் அதைப் போட்டுப் பார்க்க விடச் சொல்லுங்கள், விட மாட்டேன் என்றால் அடுத்த கடை.