8,000 டாலர் போச்சு! அமெரிக்காவுல, அயோவா மாநிலத்துல விவசாய நிலம் பார்க்கிறவங்க படிச்சிட்டுப் போங்க

"உங்கள் புகார் முடித்துவைக்கப்பட்டது"ன்னு நேத்து ராத்திரி மெயில் வந்துச்சு. 8,000 டாலர்! கோபம் ஆறுறதுக்குள்ள எழுதிடறேன்.

டெமாய்ன் பக்கம் ஏழு வருஷமா எச்-1பி வேலை விசாவுல இருக்கேன். என் படிப்புக்காக அப்பா வித்த ஒன்றரை ஏக்கர் இன்னமும் மனசை அறுக்கும். நிலம் மட்டும் விக்கிற ஒரு ஆன்லைன் தளத்துல பத்து ஏக்கர் பார்த்தேன். நேர்லயும் போனேன். மக்காச்சோளம் அறுத்த தட்டை, கீழே நம்ம கரிசல் மாதிரி கருகருன்னு மண்ணு. ஒரு பிடி அள்ளி கோட்டுப் பையில போட்டுக்கிட்டேன். பைத்தியக்காரத்தனம்தான்.

ஏஜென்ட்கிட்ட கேக்காம இல்லை. "விசாவுல இருக்கேன், கிரீன் கார்டு இல்லை, வாங்கலாமா?"ன்னு கேட்டேன். சிரிச்சான். "அந்தச் சட்டமெல்லாம் சீனாக்காரங்களுக்கு. நீங்கதான் வீடே வாங்கியிருக்கீங்களே!" வீடு வாங்கினப்ப யாரும் ஒண்ணும் கேக்கலையேன்னு நானும் நம்பினேன். அன்னிக்குச் சாயங்காலமே 8,000 டாலர் அட்வான்ஸ் போட்டாச்சு.

இந்த மாநிலத்துல பத்திர வரலாற்றைப் படிச்சு வில்லங்கம் பார்த்துச் சொல்றது வக்கீல். நான் போன வக்கீலம்மா பத்திரக் கட்டைப் பிரிக்கக்கூட இல்லை. "கிரீன் கார்டு இருக்கா?" இல்லைன்னதும் பேனாவை மூடி வச்சிட்டாங்க. சீனாவைக் குறிவச்சது 2023-ல புளோரிடா போட்ட மாதிரி சட்டங்கள். அயோவா சட்டம் அதுக்கெல்லாம் ரொம்ப முந்தினது, எந்த நாடுன்னே பார்க்காது. சிட்டிசனோ கிரீன் கார்டோ இல்லைன்னா விவசாய நிலம் வாங்கக் கூடாது. மீறி வாங்கினா கோர்ட் மூலமா நிலமே மாநில அரசுக்குப் போயிடும். குடியிருக்கிற வீட்டுக்கு இந்தத் தடை கிடையாது. நான் விழுந்த குழி அதுதான்.

பணத்தைத் திருப்பிக் கேட்டு அந்தத் தளத்துக்குப் போன் போட்டா, "லீகல் டீம் பார்க்குது." அடுத்த வாரம், "உங்க தகுதியை நீங்கதான் சரிபார்த்திருக்கணும், ஒப்பந்தத்துலயே இருக்கு." ஏஜென்ட் சொன்னதுக்கு அவங்ககிட்ட பதிவே இல்லையாம். இன்னொருத்தன், "எல்எல்சின்னு ஒரு கம்பெனி ஆரம்பிச்சு அது பேர்ல வாங்கிடுங்க"ன்னான். அடப்பாவி, பெரும்பங்கு என்னோடதா இருந்தா அதுவும் வெளிநாட்டுக் கம்பெனிதான்! கடைசியில சேவைக்கு எத்தனை ஸ்டார் தருவீங்கன்னு ஒரு மெசேஜ். 8,000 டாலரை முழுங்கிட்டு ஸ்டார் கேக்குது.

ஊர்லயாவது வாங்கலாம்னா, வெளிநாட்டுல குடியிருக்கிற வரைக்கும் இந்தியாவோட அந்நியச் செலாவணிச் சட்டம் ஃபெமா விடாது. இந்தியப் பாஸ்போர்ட்டை வச்சிக்கிட்டே அங்க ஒரு குழி நஞ்சை வாங்க முடியாது.

என்ன செய்யணும்னு விரிவா எழுதத்தான் உக்கார்ந்தேன், தெம்பில்லை. அட்வான்ஸுக்கு முன்னாடி வக்கீல். ஏஜென்ட் வாயால சொல்றதை மெயில்ல வாங்குங்க. சட்டம் தடுத்தா பணம் திரும்ப வரணும்னு ஒப்பந்தத்துல ஒரு வரி போடச் சொல்லுங்க, மறுத்தா எழுந்து வந்துடுங்க. பக்கத்துல மின்னசோட்டா இருக்கேன்னு யாராவது கிளப்பினா, அங்கேயும் கிரீன் கார்டு இல்லாம ஆகாது.