டேர்ம் பாலிசி முடியும் வேளையில்: நீட்டிப்பதா, புதிதாக எடுப்பதா, மாற்றிக்கொள்வதா?

குறிப்பிட்ட காலத்துக்குள் இறந்தால் மட்டும் குடும்பத்துக்குப் பணம் தரும் டேர்ம் ஆயுள் காப்பீட்டில் ஆண்டுதோறும் பிரீமியம் கட்டுவதையே பலர் ‘புதுப்பித்தல்’ என்கிறார்கள். அது தவணை செலுத்துவதுதான். ஒப்பந்தத்தில் எதுவும் மாறுவதில்லை. உண்மையான புதுப்பித்தல், 20 ஆண்டு என்று எடுத்த காலம் முடிந்தபின் எழும் கேள்வி.

பழைய பாலிசியையே நீட்டிக்க வேண்டுமானால், அந்த உரிமை முதலிலேயே ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் காப்பீடு அன்றோடு முடிந்துவிடும். சாதாரண டேர்ம் பாலிசியில் கட்டிய பணமும் திரும்பாது. உரிமை இருந்தால் மருத்துவப் பரிசோதனையே கேட்க மாட்டார்கள். ஆனால் பிரீமியம் அன்றைய வயதுக்கு ஏற்பக் கணக்கிடப்பட்டு, பெரும்பாலும் ஆண்டுக்கு ஆண்டு ஏறும். வயதோடு இறப்பு விகிதம் பெருக்கு விகிதத்தில் உயர்கிறது என்று ஆங்கிலேயக் கணிதவியலாளர் பெஞ்சமின் கோம்பர்ட்ஸ் 1825-இல் காட்டினார். சுமார் 8 ஆண்டுக்கு ஒருமுறை இரட்டிப்பதாகத் தோராயமாகக் கொண்டால், 35 வயதில் ஒரு பங்காக இருக்கும் ஆபத்து 43-இல் இரண்டாகவும், 51-இல் நான்காகவும், 59-இல் எட்டாகவும் ஆகிவிடும். இதுவரை ஒரே அளவாகக் கட்டிவந்தது, இந்த ஏற்றத்தை 20 ஆண்டுக்கும் சராசரியாகப் பரப்பியதால்தான். அந்த நிரவல் முடிந்ததும் உண்மை விலை ஒரேயடியாக வந்து நிற்கிறது. போதாக்குறைக்கு, உடல்நலம் உள்ளவர்கள் வெளியேறிவிட, நோயுள்ளவர்களே பெரும்பாலும் நீட்டிக்கிறார்கள் என்பதும் நிறுவனத்துக்குத் தெரியும். அந்தக் கணக்கும் விலையில் சேர்ந்தே இருக்கும்.

ஆகவே, உடல்நலம் நன்றாக இருப்பவர் நீட்டிப்பது பெரும்பாலும் வீண் செலவு என்பதே என் கருத்து. அதே வயதில் புதிய பாலிசி எடுத்தால், பரிசோதனையில் தேறிய பிறகு பிரீமியம் கணிசமாகக் குறையக்கூடும். இதிலும் ஒரு சிக்கல் உண்டு. விண்ணப்பத்தில் சொன்ன விவரங்களை நிறுவனம் கேள்விக்குள்ளாக்கக்கூடிய ஆரம்பக் காலம், புதிய பாலிசியில் மறுபடி முதலிலிருந்து ஓடத் தொடங்கும். எனவே நோய்களையும் புகைப்பழக்கத்தையும் மறைக்காமல் எழுத வேண்டும். புதியது நடப்புக்கு வந்ததை உறுதிசெய்யும் வரை பழையதை விட்டுவிடக் கூடாது.

இடைப்பட்ட ஆண்டுகளில் இதய நோயோ புற்றுநோயோ வந்தவருக்குக் கணக்கே வேறு. புதிய விண்ணப்பம் நிராகரிக்கப்படலாம். அவருக்கு அந்தப் பரிசோதனையில்லாத நீட்டிப்பு, எவ்வளவு விலையானாலும், பொன்னானது. சில ஆண்டுகளுக்கு மட்டும் காப்பீடு போதுமென்றால் அதுவே சரியான தேர்வு.

ஆயுள் முழுவதும் தேவையென்றால், மாற்று உரிமையைத்தான் பார்க்க வேண்டும். மருத்துவப் பரிசோதனை இல்லாமலே டேர்ம் பாலிசியை முழு ஆயுள் பாலிசியாக மாற்றிக்கொள்ள இது வழிசெய்கிறது. தொடக்கத்தில் நீட்டிப்பைவிட அதிகம் கட்ட வேண்டியிருக்கலாம், ஆனால் பிரீமியம் பொதுவாக ஏறாது.

இந்த மாற்று உரிமைக்குத் தனிக் கெடு உண்டு. பல ஒப்பந்தங்களில் அது பாலிசிக் காலம் முடிவதற்குள்ளேயே, ஒரு குறிப்பிட்ட வயதிலோ ஆண்டிலோ தீர்ந்துவிடுகிறது. கடைசித் தவணை கட்டும்போது பத்திரத்தைத் தேடி எடுப்பவருக்கு, நீட்டிப்புக்கான வயதுவாரிப் பிரீமியப் பட்டியல் மட்டுமே மிஞ்சியிருக்கக்கூடும்.