முதலாமாண்டு ஃபிஸிக்ஸ், ஒரு 9.67, ஒரு அரியர்: பதினான்கு வருஷப் பயன்பாட்டுக்குப் பிறகு

போன வாரம் அக்கா மகள் போன் செய்தாள். "மாமா, நீங்க படிச்ச காலேஜ்லயே எனக்கு பி.எஸ்சி. ஃபிஸிக்ஸ் கிடைச்சிருக்கு. ஃபர்ஸ்ட் இயருக்கு இன்னமும் அந்த சார்தான் வர்றாராம். எப்படி மாமா இருப்பார்?" அப்போது தெற்காவணி மூல வீதியில் ஒரு நகைக்கடையில் தராசைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். "சாயங்காலம் கூப்பிடுறேம்மா" என்று வைத்துவிட்டேன். சாயங்காலம் கூப்பிடவில்லை. இரண்டு வரியில் முடிகிற பதிலாக இருந்தால் கூப்பிட்டிருப்பேன்.

ஃபீஸ் எவ்வளவு, ஹாஸ்டல் உண்டா, கேன்டீன் எப்படி என்பதெல்லாம் விசாரித்தால் தெரிந்துவிடும். நான் சொல்லப்போவது 2011-இல் அந்த முதலாமாண்டு வகுப்பில் உட்கார்ந்தவன் என்ற முறையில்.

குறையை முதலில் சொல்லிவிடுகிறேன். அவர் போர்ஷன் முடிக்க மாட்டார். ஐந்து யூனிட்டில் எங்களுக்கு நடந்தது இரண்டே முக்கால். எங்கள் வினாத்தாளைப் பார்த்தவர்களுக்கு இதன் அர்த்தம் தெரியும். பத்து மார்க் கேள்வி ஐந்தில் மூன்று எழுதினால் போதும், அதில் தப்பித்துவிடலாம். ஏழு மார்க் கேள்வியில் தப்பிக்க முடியாது. யூனிட்டுக்கு ஒன்று, 'இது அல்லது அது', இரண்டுமே அதே யூனிட்டிலிருந்து வரும். ஆக நடத்தாத இரண்டு யூனிட்டுக்குப் பதினாலு மார்க் போச்சு. ஒரு மார்க் கேள்வியில் நாலு போச்சு. உட்காருவதற்கு முன்பே எழுபத்தைந்தில் பதினெட்டு இல்லை. நோட்ஸும் தர மாட்டார். "புஸ்தகத்துல இருக்கிறதை நான் எதுக்குய்யா திருப்பிச் சொல்லணும்" என்பார். புத்தகம் ஆங்கிலத்தில் இருக்கிறது, முன்னால் உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேர் தமிழ் மீடியம் என்பது அவருக்குத் தெரியும். தெரிந்தும் அப்படித்தான் சொல்வார்.

நானும் தமிழ் மீடியம்தான், உசிலம்பட்டிப் பக்கம். பிளஸ் டூவில் 'திருப்பு விசை' என்று படித்துவிட்டு வந்தவனுக்கு, முதல் வாரத்தில் அவர் 'டார்க்', 'டார்க்' என்று சொன்னபோது, ஏதோ இருட்டைப் பற்றிப் பேசுகிறார் என்றுதான் பட்டது. ஒரு வாரம் அப்படியே போனது. பக்கத்தில் இருந்த மேலூர்க்காரன்தான், டார்க் என்றால் அதே திருப்பு விசைதான் என்று திருத்தினான். அவனும் தமிழ் மீடியம்தான். ஆனால் கேட்கக் கூச்சப்பட மாட்டான்.

போர்ஷன் ஏன் முடியவில்லை என்றால், மற்ற வாத்தியார்கள் ஒரு மணி நேரத்தில் தாண்டிப் போகிற இடத்தில் அவர் ஒரு வாரம் உட்கார்ந்துகொள்வார். நிறைக்கும் எடைக்கும் என்ன வித்தியாசம்? ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை சொல்லிவிடும். அதற்கு மூன்று வகுப்பு. ஒரு நாள் உள்ளே வந்ததும் போர்டில் எதுவும் எழுதாமல், "நகைக்கடைக்காரர் நமக்கு விக்கிறது நிறையா, எடையா?" என்று கேட்டார். நாங்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து கத்தினோம். அவர் ஜன்னலில் சாய்ந்துகொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். மணி அடித்தது, போய்விட்டார். மறுநாளும் அதே கேள்வி. மூன்றாம் நாள், இரண்டு தட்டுத் தராசை நிலாவுக்குக் கொண்டுபோனால் சரியாகக் காட்டுமா, எலக்ட்ரானிக் தராசைக் கொண்டுபோனால் சரியாகக் காட்டுமா என்று ஆரம்பித்தார். தட்டுத் தராசு ஒரு பக்கத்தோடு இன்னொரு பக்கத்தை ஒப்பிடுகிறது. ஈர்ப்பு குறைந்தால் இரண்டு பக்கமும் சேர்ந்தே குறையும், முள் நடுவில்தான் நிற்கும். எலக்ட்ரானிக் தராசு அப்படியல்ல, தன்மேல் விழுகிற விசையை அளந்து அதைக் கிராமாக மாற்றிச் சொல்கிறது. ஈர்ப்பு மாறினால் அது பொய் சொல்லும். அவ்வளவுதான் விஷயம். பத்து நிமிஷத்தில் சொல்லியிருக்கலாம்.

உராய்வுக்கும் இப்படித்தான். சித்திரைத் திருவிழாவில் மாசி வீதியில் பெரிய தேரை அசைக்கிற வரைக்கும்தான் பாடு, அசைந்துவிட்டால் வடம் தானாகத் தளர்கிற மாதிரி இருக்கும், கவனித்திருக்கிறீர்களா என்று கேட்டார். அப்புறம் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுகிறவரைப் பற்றி. இத்தனை டன்னையும் நிறுத்துவது ஒரு மரக்கட்டை. ஒரு பக்கச் சக்கரத்துக்கு மட்டும் கட்டை கொடுத்தால் தேர் அந்தப் பக்கமாகத் திரும்புகிறது. "வடம் பிடிக்கிற ஆயிரம் பேர் பெரிசா, கட்டை போடுற ஒருத்தர் பெரிசா?" என்று கேட்டுவிட்டு மறுபடியும் ஜன்னலுக்குப் போய்விட்டார். கேட்கும்போது நன்றாகத்தான் இருந்தது. பரீட்சையில் தேர் வரவில்லை. சாய்தளத்தில் வைத்த பொருளுக்குச் சமன்பாடு தருவி என்று வந்தது.

பாய்மங்கள் யூனிட்டுக்கு அவர் வரவே இல்லை. வந்திருந்தால் அழகர் ஆற்றில் இறங்கும்போது தண்ணீர் பீய்ச்சுகிற தோல் பையை எடுத்திருப்பார் என்று பின்னால் பலமுறை நினைத்ததுண்டு. குறுகின வாய், உள்ளே அழுத்தம், வெளியே வேகம். நாலு வகுப்பு ஓட்டியிருப்பார். அந்த யூனிட்டை நான் அரியருக்கு கைடு வாங்கி மனப்பாடம் செய்து முடித்தேன். இன்றைக்குக் கேட்டால் ஒரு வரிகூட வராது.

இனி லேபுக்கு வருகிறேன். என் கோபம் அங்கேதான் கூடுதல், எனக்குக் கிடைத்ததும் அங்கேதான்.

கூட்டு ஊசல். ஒரு மீட்டர் நீளத்துக்கு ஓட்டை ஓட்டையாகப் போட்ட இரும்புப் பட்டை. ஒவ்வொரு ஓட்டையிலும் கத்திமுனையில் தொங்கவிட்டு, 20 அலைவுக்கு எத்தனை விநாடி என்று பார்த்து, கிராஃப் போட்டு, புவியீர்ப்பு முடுக்கத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். முதல் வாரம் நாங்கள் ரெக்கார்டு கொண்டுபோனோம். எல்லோருக்கும் 9.81. சீனியர் ரெக்கார்டைப் பார்த்து, விடையிலிருந்து பின்னால் போய் ரீடிங் எழுதியிருந்தோம். எல்லா லேபிலும் நடப்பதுதான்.

அவர் நோட்டுகளை அடுக்கி வைத்துக்கொண்டு, "ஏம்ப்பா, மொத்த கிளாஸும் லண்டனுக்குப் போயா ரீடிங் எடுத்துட்டு வந்தீங்க?" என்றார். யாருக்கும் புரியவில்லை. அதன்பிறகுதான் சொன்னார், லண்டனில் 9.81, மதுரையில் 9.78. பூமி சுற்றுவதாலும் நடுவில் கொஞ்சம் பருத்திருப்பதாலும் நிலநடுக்கோட்டில் 9.78, துருவத்தில் 9.83. மதுரை பத்து டிகிரிகூட வடக்கே இல்லை. 1901-இல் உலகத்துக்கெல்லாம் பொதுவாக 9.80665 என்று ஒரு எண்ணை ஒப்புக்கொண்டார்கள், அது கணக்குக்கான எண், எந்த ஊர்க்காரனுக்கும் சொந்தமில்லை. "நீங்க பொய் எழுதுறதுதான் எழுதுறீங்க, மதுரைக்காரன் பொய்யா எழுதக் கூடாதா?" என்றார். அடுத்த வாரம் வகுப்பில் பாதிப் பேர் 9.78 எழுதிக்கொண்டு போனார்கள். அதையும் கிழித்தார்.

அதற்கும் காரணம் சொன்னார். 20 அலைவுக்கு முப்பது விநாடி சொச்சம். ஸ்டாப் வாட்சை அமுக்குவதில் கை 0.2 விநாடி பிந்தும், இல்லை முந்தும். முப்பதில் 0.2 என்பது 0.7 சதவீதம். சூத்திரத்தில் நேரம் இருமடியில் வருவதால் விடையில் பிழை அதுபோல் இரண்டு பங்கு. அதாவது 9.78-இல் 0.13 அளவுக்கு மேலே கீழே போகலாம். 9.78-க்கும் 9.81-க்கும் உள்ள வித்தியாசமோ 0.03-தான். இந்தப் பட்டையையும் இந்த வாட்சையும் வைத்துக்கொண்டு மதுரையில் இருக்கிறாயா லண்டனில் இருக்கிறாயா என்று உன்னால் சொல்லவே முடியாது, பிறகு எப்படி நாற்பது பேருக்கும் ஒரே எண் வந்தது என்று கேட்டார்.

எனக்கு நிஜமாக வந்தது 9.67. அவர் அதைப் பார்த்துவிட்டு, "இதான்யா ரீடிங்" என்று சிவப்பு மையில் டிக் போட்டார். அந்த டிக்கை நம்பித்தான் பிராக்டிகல் பரீட்சையிலும் வந்ததை வந்தபடி எழுதினேன். அன்றும் 9.67 பக்கம்தான் வந்தது. வெளியிலிருந்து வந்திருந்த எக்ஸாமினர் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "விடை தப்பு" என்று மார்க்கை வெட்டினார். எனக்கு முன்னால் போன ஹாஸ்டல் பையன் 9.81 எழுதி முழுசாக வாங்கிப் போனான். எங்கள் சார் பக்கத்து மேஜையில்தான் உட்கார்ந்திருந்தார், இன்டர்னல் எக்ஸாமினராக. ஒரு வார்த்தை சொல்லவில்லை. இதை மட்டும் என்னால் இன்றைக்கு வரை விழுங்க முடியவில்லை.

அவர் பக்க நியாயத்தையும் யோசித்துப் பார்த்ததுண்டு. வெளியாள் முன்னால் ஒரு மாணவனுக்காகப் பேசினால் சிபாரிசு என்பார்கள். சரி. ஆனால் பரீட்சைக்கு முந்தின நாள் எங்களைக் கூப்பிட்டு, "வெளியில இருந்து வர்றவர் எப்படி இருப்பார்னு தெரியாது, பார்த்து நடந்துக்கங்கப்பா" என்று ஒரு எச்சரிக்கை கொடுத்திருக்கலாம் இல்லையா? நேர்மையைச் சொல்லிக்கொடுத்தவர் அதற்கு ஆகிற செலவையும் சொல்லியிருக்க வேண்டும்.

எழுதுவதற்கு முன்னால் கூடப் படித்தவர்களிடம் கேட்டேன். மேலூர்க்காரன் இப்போது ஒரு பாங்கில் இருக்கிறான். "அந்த ஆள் என் ஒரு வருஷத்தைத் தின்னுட்டார்டா" என்றான். அவனுக்கு அதே பேப்பரில் மூன்று முறை அரியர். வாடிப்பட்டிப் பக்கம் பிளஸ் டூவுக்கு ஃபிஸிக்ஸ் எடுக்கிற தோழி, வருஷா வருஷம் அந்தத் தேரையும் முட்டுக்கட்டையையும்தான் வகுப்பில் சொல்கிறாளாம். "ஆனா டிசம்பர்ல போர்ஷன முடிச்சிருவேன்ப்பா, இல்லேன்னா ஹெச்.எம். விடமாட்டார்" என்று சேர்த்துச் சொன்னாள். 9.81 எழுதிய ஹாஸ்டல் பையனுக்கு அவர் பெயரே மறந்துவிட்டது. "எந்த சார்?" என்றான்.

என் விஷயம் வேறு. டிகிரி முடித்து, இரண்டு வருஷம் சும்மா அலைந்து, 2016-இல் தராசு சர்வீஸுக்கு வந்தேன். வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது மாதம் ஒரு நகைப் பட்டறையில் சண்டை. முதலாளியின் மச்சான் ஜெர்மனியிலிருந்து கையோடு கொண்டுவந்த தராசு. அங்கே சரிபார்த்தது, பெட்டியில் சர்டிபிகேட்கூட இருக்கிறது. 200 கிராம் கல்லை வைத்தால் 199.4 காட்டுகிறது. இருபத்தைந்து பவுனுக்கு அறுநூறு மில்லிகிராம் குறைகிறது. எங்கள் சீனியர் மெக்கானிக் சென்சார் போச்சு என்றார். முதலாளியோ கல்லே தப்பு என்று கத்திக்கொண்டிருந்தார். நான் ஓரமாக நின்று மனசுக்குள் கணக்குப் போட்டேன். 9.78-ஐ 9.81-ஆல் வகுத்து 200-ஆல் பெருக்கினால் 199.4.

தராசும் சரி, கல்லும் சரி. ஊர்தான் மாறியிருக்கிறது.

இந்த ஊரில் வைத்து, முத்திரை போட்ட கல்லை வைத்து ஒருமுறை கேலிபரேஷன் செய்தால் போதும் என்றேன். செய்தோம், 200.00 வந்து நின்றது. மெக்கானிக்குகள் எல்லோரும் செய்கிற வேலைதான் இது, காரணம் தெரியாமலே செய்வார்கள், அதனால் ஒன்றும் குறைந்துபோய்விடாது. ஆனால் அன்றைக்குப் பட்டறை வாசலில் டீ குடித்துக்கொண்டே, மூன்று வகுப்பு வீணாய்ப்போன அந்த 'நிறையா, எடையா' சத்தம் முழுவதும் காதில் கேட்டது. சாருக்குப் போன் செய்யலாமா என்று நினைத்தேன். நம்பர் இருந்தது. செய்யவில்லை. அரியர் எழுதின பணமும் அந்த வெயிலும் ஞாபகத்துக்கு வந்துவிட்டது.

நேற்று ராத்திரி ஒருவழியாக அக்கா மகளைக் கூப்பிட்டேன். தேரைப் பற்றிச் சொன்னேன், லண்டனைப் பற்றிச் சொன்னேன், ஜெர்மன் தராசைப் பற்றியும் சொன்னேன். அவள் சிரித்துக்கொண்டே கேட்டாள். "அப்ப சூப்பர் சார்தானே மாமா?"

"இல்லம்மா. ஐஞ்சுக்கு ரெண்டு. வேற காலேஜ் கிடைச்சா அங்க போ."

"ஃபீஸ் கட்டியாச்சு மாமா."

"சரி, அப்ப நாலாவது அஞ்சாவது யூனிட்டுக்கு இப்பவே ஒரு ட்யூஷன் பாத்துக்க. முதல் மூணு யூனிட்டுக்கு ஒரு நாள்கூட லீவு போடாத."

"லேபுல?"

கொஞ்ச நேரம் பதில் வரவில்லை எனக்கு. ரெக்கார்டில் வந்ததை எழுது என்றேன். பரீட்சையில் என்ன எழுதுவது என்று அதற்குள் அவளே கேட்டுவிட்டாள். அக்காவிடம் போனைக் கொடு என்று சொல்லிவிட்டேன்.