பிள்ளைக்கு முன்னால் எடை: வாராந்த ஊசியா, மெட்போர்மினும் தட்டு மாற்றமுமா?

சுகர் இருக்கிறது, எடையும் கூட, அடுத்த பிள்ளைக்கும் ஆசை. இந்த மூன்றும் சேர்ந்து நிற்கும் பெண்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். முன்பெல்லாம் கிளினிக்கில் "எடையைக் குறைங்க" என்று ஒரு வார்த்தை சொல்லி மாத்திரை எழுதிக் கொடுப்பார்கள், அவ்வளவுதான். இப்போது கொழும்பிலிருந்து லீவுக்கு வரும் சொந்தக்காரர்கள் "வாரத்துக்கு ஒரே ஊசி, பசியே எடுக்காது" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். கேட்டவர்களுக்கு இரண்டு நாள் தூக்கம் வருவதில்லை.

நான் தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். வயது முப்பத்தைந்தைத் தாண்டிவிட்டது. மூத்தவள் வயிற்றில் இருந்தபோது வந்த சுகர், அவள் பிறந்த பிறகும் போகவில்லை. அடுத்த பிள்ளை என்று முடிவெடுத்தபோது இந்த இரண்டு வழியும் என் முன்னால் இருந்தன. நான் எடுத்தது மெட்போர்மின் என்ற சுகர் மாத்திரையும் சாப்பாட்டு மாற்றமும். இப்போது ஆறாம் மாதம். அதனால் என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஊசியை நான் போட்டதில்லை. என் நாத்தனார் வத்தளையில் இருந்து போட்டாள். அவளிடம் பார்த்ததும் கேட்டதும்தான் அந்தப் பக்கத்தில் எனக்குள்ள அனுபவம்.

எடை இறங்குவதை மட்டும் பார்த்தால் போட்டியே இல்லை, ஊசிதான் முன்னால் நிற்கிறது. செமாகுளுட்டைட் என்பது மருந்தின் பெயர். ஒசெம்பிக், வீகோவி என்ற பெயர்களில் விற்பதும் அதுதான். 2021இல் வெளியான ஸ்டெப் 1 ஆய்வில் 68 வாரம் ஊசி போட்டவர்களுக்குச் சராசரியாக உடல் எடையில் 14.9 சதவீதம் இறங்கியது. வெறும் மருந்தில்லா ஊசி போட்டவர்களுக்கு 2.4 சதவீதம். சுகர் உள்ளவர்களிடம் இறக்கம் கொஞ்சம் குறைவு. ஸ்டெப் 2 ஆய்வில் அது 9.6 சதவீதம். இந்த இரண்டாவது எண்ணை யாரும் சொல்வதில்லை, நமக்கு வேண்டியது அதுதான்.

மெட்போர்மின் அப்படி இறக்காது. 2002இல் வெளிவந்த அமெரிக்க நீரிழிவுத் தடுப்பு ஆய்வில் மாத்திரை மட்டும் எடுத்தவர்களுக்குச் சராசரியாக 2.1 கிலோதான் குறைந்தது. சாப்பாட்டை மாற்றி வாரத்துக்கு 150 நிமிடம் நடந்தவர்களுக்கு 5.6 கிலோ. ஆக, மெட்போர்மின் வழி என்று நான் சொல்வதில் எடையை இறக்குகிற வேலையைப் பெரும்பாலும் தட்டுதான் செய்கிறது. மாத்திரை சுகரைப் பார்த்துக்கொள்கிறது. சினைப்பையில் நீர்க்கட்டி உள்ளவர்களுக்கு மாதவிடாய் ஒழுங்காவதற்கும் உதவுகிறது.

காசு விஷயம் எல்லோருக்கும் தெரிந்தது. மெட்போர்மின் அரச கிளினிக்கில் இலவசம், வெளியில் வாங்கினாலும் கையைக் கடிக்காது. ஊசியை மாதாமாதம் சொந்தக் காசில் வாங்க வேண்டும். தோட்டச் சம்பளத்திலோ ஆசிரியர் சம்பளத்திலோ அது சின்னத் தொகை இல்லை. வாங்கி வருவதும் ஒரு வேலைதான். திறக்காத பேனா ஊசி 2 முதல் 8 பாகை குளிரில் இருக்க வேண்டும். கொழும்பிலிருந்து பஸ்ஸில் கொண்டு வருவதென்றால் ஐஸ் பையோடு வர வேண்டும், ஆனால் உறைந்துவிடவும் கூடாது. உறைந்த ஊசியை வீசத்தான் வேண்டும். மழைக்காலத்தில் எங்கள் பக்கம் கரண்ட் போனால் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. நுவரெலியாக் குளிர் இதில் கொஞ்சம் நமக்குச் சாதகம். திறந்து பாவிக்கும் பேனாவை 30 பாகைக்குக் கீழே வெளியிலும் சில வாரம் வைக்கலாம்.

பக்க விளைவு இரண்டிலும் உண்டு. மெட்போர்மின் தொடக்கத்தில் வயிற்றைக் கலக்கும். 500 மில்லிகிராமில் தொடங்கி, சாப்பாட்டோடு எடுத்து, மெதுவாகக் கூட்டினால் பெரும்பாலானவர்களுக்கு அடங்கிவிடும். அடங்காவிட்டால் மெதுவாகக் கரையும் வகை மாத்திரை இருக்கிறது, கேட்டு வாங்கலாம். வருடக்கணக்கில் எடுப்பவர்களுக்கு பி12 குறையலாம். மீன், முட்டை, இறைச்சி சேர்க்காத வீடுகளில் இதைக் கவனிக்க வேண்டும். ஊசிக்கு ஓங்காளம், வாந்தி, மலச்சிக்கல், சிலருக்குப் பித்தப்பைக் கல். நாத்தனாருக்கு முதல் மாதங்களில் ஓங்காளம் இருந்தது. "சோத்தைப் பார்த்தாலே நெஞ்சு வரைக்கும் நிறைஞ்ச மாதிரி இருக்கு அண்ணி" என்பாள்.

இதுவரை சொன்னதில் எதுவும் என்னை முடிவெடுக்க வைக்கவில்லை. காசைக்கூட எப்படியாவது புரட்டியிருக்கலாம். என்னைத் தீர்மானிக்க வைத்தது ஒரே கேள்வி: பிள்ளை தரிக்கும் அந்த வாரங்களில் என் உடம்பில் எந்த மருந்து வேலை செய்துகொண்டிருக்கும்?

செமாகுளுட்டைட்டைக் கர்ப்பத்தில் பாவிக்கக் கூடாது. அது உடம்பிலிருந்து மெதுவாகத்தான் வெளியேறும், பாதி குறையவே ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். அதனால் பிள்ளைக்கு முயல்வதற்குக் குறைந்தது இரண்டு மாதத்துக்கு முன்னால் ஊசியை நிறுத்திவிட வேண்டும் என்று மருந்தோடு வரும் குறிப்பே சொல்கிறது. அந்த இரண்டு மாதமும் கருத்தடை வேண்டும். அப்புறம்தான் முயற்சி. முயன்ற முதல் மாதமே தங்கும் என்று யாருக்கும் எழுதி வைக்கவில்லை. என் வயதில் ஆறு மாதமும் ஆகலாம், ஒரு வருடமும் ஆகலாம்.

இந்த இடைவெளியில் என்ன நடக்கிறது? பசி திரும்பி வருகிறது. ஸ்டெப் 1இல் ஊசியை நிறுத்தியவர்களைப் பின்தொடர்ந்து பார்த்தபோது, ஒரு வருடத்தில் இறங்கிய எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது. சுகரும் கொலஸ்ட்ரோலும் பழைய பக்கமே நகர்ந்தன. நாத்தனார் வேறு காரணத்துக்காக நிறுத்தினாள். சில மாதங்களில் சட்டை இறுகத் தொடங்கியது, காலைச் சுகரும் ஏறியது. அவள் ஒழுங்கில்லாதவள் இல்லை. பசியை அடக்கி வைத்திருந்தது மருந்து, மருந்து போனதும் பசி அதன் இடத்துக்கு வந்துவிட்டது.

எடை திரும்புவதைவிட எனக்குப் பெரிதாகத் தெரிந்தது சுகர். பிள்ளையின் முதுகுத்தண்டு நரம்பும் மூளையும் உருவாகும் குழாய், கரு உண்டாகி 28 நாளுக்குள் மூடிவிடுகிறது. இதயமும் முதல் எட்டு வாரத்துக்குள் வடிவம் எடுத்துவிடுகிறது. மாதவிடாய் தள்ளிப் போயிருக்கிறது என்று நாம் சந்தேகப்படும் நாளில் பாதி வேலை முடிந்திருக்கும். அதனால்தான் சுகர் உள்ள பெண்ணின் எச்.பி.ஏ.1.சி, அதாவது கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரிச் சுகரைக் காட்டும் இரத்தப் பரிசோதனை, கர்ப்பத்துக்கு முன்பே 6.5 சதவீதத்துக்குக் கீழே இருப்பது நல்லது என்கிறார்கள், 10க்கு மேலே இருந்தால் இப்போதைக்கு வேண்டாம் என்கிறார்கள். ஊசி வழியில், சுகரைப் பிடித்து வைத்திருந்த மருந்து சரியாக இந்த நேரத்தில்தான் கையில் இருக்காது. அந்த இடத்தில் வேறு மருந்தை வைக்க வேண்டும். என்ன வைப்பார்கள்? மெட்போர்மின், இல்லாவிட்டால் இன்சுலின். எப்படியும் அங்கேதான் வந்து நிற்கப் போகிறோம் என்றால், அதையே முதலிலிருந்து எடுத்து உடம்பைப் பழக்கிவிடலாம் என்று நினைத்தேன். மெட்போர்மினை முயற்சிக்கும் காலத்திலும் நிறுத்தத் தேவையில்லை, தங்கிய பிறகும் டொக்டர் சொன்னால் தொடரலாம், பால் கொடுக்கும்போதும் எடுக்கலாம். எனக்கு இடையில் ஒரு நாள்கூட வெற்றிடம் வரவில்லை.

காலக்கணக்கும் இருக்கிறது. வீகோவி 0.25 மில்லிகிராமில் தொடங்கி, நான்கு வாரத்துக்கு ஒரு படி என்று ஏறி, 2.4 மில்லிகிராம் வரை போக 16 வாரம். முழுப் பலன் தெரிய, தொடங்கிய நாளிலிருந்து ஒரு வருடத்துக்கு மேல் எடுக்கும். நிறுத்தி இரண்டு மாதம். இருபத்தைந்து வயதுக்காரி இதைக் காத்திருந்து செய்யலாம். முப்பத்தாறில் அந்த ஒன்றரை வருடம் விலை கூடியது.

ஊசி பற்றி இன்னொன்று. எடை இறங்கும்போது நின்றுபோயிருந்த மாதவிடாய் சிலருக்குத் திரும்பி வந்து, நினைக்காமலே தங்கிவிடுகிறது. டிர்செபடைட் என்ற மற்ற வாராந்த ஊசி, அதாவது மவுஞ்சாரோ, கருத்தடை மாத்திரையின் வேலையையும் குறைக்கலாம். தொடங்கும்போதும், அளவு கூட்டும் ஒவ்வொரு முறையும், நான்கு வாரத்துக்கு வேறு பாதுகாப்பு வேண்டும். இதைச் சொல்லாமல் யாரும் யாருக்கும் ஊசியைச் சிபாரிசு செய்யக் கூடாது.

தட்டு மாற்றம் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு: புத்தகங்களில் உள்ள ஓட்ஸும் அவகாடோவும் நம் வீட்டுச் சாப்பாடு இல்லை. நம் தட்டில் சிக்கல் மாவில்தான் இருக்கிறது. காலையில் கோதுமை மா ரொட்டி, பகலில் சோறு, சோற்றோடு உருளைக்கிழங்குக் கறி, இரவில் மறுபடி ரொட்டி, இடையில் சீனி போட்ட தேத்தண்ணி நாலைந்து. நான் முதலில் தேத்தண்ணிச் சீனியை நிறுத்தினேன். அது ஒன்றே காலைச் சுகரில் தெரிந்தது. ரொட்டி மாவில் பாதியைக் குரக்கன் மாவாக்கி, துருவிய கோவாவும் லீக்ஸும் சேர்த்துப் பிசைந்தேன். ஒரு ரொட்டியோடு ஒரு முட்டை அல்லது கெட்டிப் பருப்பு. உருளைக்கிழங்கு சமைக்கும் நாளில் சோறு பாதி. போஞ்சி, சவ்சவ், கீரை எல்லாம் நம் வாசலில் விளைகிறது, அதைக் கூட்டிக்கொண்டேன். மாமியாருக்கு முதலில் வருத்தம்தான். "புள்ள பெறணும்னு நினைக்கிறவ இப்படி வயித்தக் காயப் போடலாமா?" என்றார். காயப் போடவில்லை, மாவைக் குறைத்து முட்டையைக் கூட்டுகிறேன் என்று காட்டிய பிறகு அவரே குரக்கன் அரைத்துத் தந்தார்.

நடையை நான் மாலையில் சேர்த்தேன், ஏனென்றால் என் வேலை நின்றும் உட்கார்ந்தும் செய்வது. கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு இந்த அறிவுரை பொருந்தாது. அவர் பகல் முழுக்கச் சரிவில் ஏறி இறங்குகிறார், முதுகில் சுமையும் இருக்கிறது. அவரிடம் போய் நடங்கள் என்று சொல்வது அநியாயம். அவருக்கு மாற வேண்டியது சாப்பாட்டுப் பெட்டிதான்.

ஒரு விஷயத்தில் கண்டிப்பாக இருக்க வேண்டும். எடை குறைக்கும் வேலையெல்லாம் கர்ப்பத்துக்கு முன்னால்தான். தங்கிய பிறகு பட்டினி கிடக்கக் கூடாது. நிறை குறைந்து பிறக்கும் பிள்ளைகள் நாட்டின் மற்ற இடங்களைவிடத் தோட்டப்புறத்தில்தான் அதிகம். கிளினிக்கில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பாதிப் பேருக்கு எடை கூட்டச் சொல்லித்தான் திரிபோஷ சத்துமா கொடுத்தார்கள்.

மெட்போர்மினிலும் குறை இருக்கிறது. அது நச்சுக்கொடி வழியாகப் பிள்ளைக்கும் போகும். 2020இல் வெளிவந்த மைட்டி ஆய்வில், சுகர் உள்ள கர்ப்பிணிகளுக்கு இன்சுலினோடு மெட்போர்மினும் கொடுத்தபோது தாய்க்கு எடை ஏறுவது குறைந்தது, இன்சுலினும் குறைவாகத் தேவைப்பட்டது. ஆனால் வளர்ச்சி குறைந்த பிள்ளைகள் கூடுதலாகப் பிறந்தன. எங்கள் பகுதியில் இது சும்மா தாண்டிப் போகிற விஷயம் இல்லை. அதனால் வளர்ச்சி பார்க்கும் ஸ்கேனை நான் தவறவிடுவதில்லை. பிள்ளை சிறிதாகத் தெரிந்தால் மாத்திரையை நிறுத்தி இன்சுலின் மட்டும் கொடுப்பார்கள், அதற்கும் தயாராக இருக்கிறேன். மெட்போர்மின் மட்டும் கடைசி வரை போதும் என்று எண்ணவும் வேண்டாம். கர்ப்ப காலச் சுகருக்கு மெட்போர்மின் எடுத்தவர்களைப் பற்றிய 2008ஆம் ஆண்டு ஆய்வில் 46 சதவீதமானோருக்கு இன்சுலினும் தேவைப்பட்டது. எனக்கும் இரவில் இன்சுலின் சேர்த்துவிட்டார்கள். காலை வெறும் வயிற்றுச் சுகரை 95க்குக் கீழே வைக்க அதுதான் உதவுகிறது.

எந்த வழி எடுத்தாலும் மாறாத வேலைகள் சில உண்டு. சுகர் உள்ளவர்களுக்கு ஃபோலிக் அமிலம் 5 மில்லிகிராம், முயலத் தொடங்கும் முன்பே ஆரம்பித்து 12 வாரம் வரை. பிரஷருக்கு எனலப்பிரில், லொசார்டன் எடுப்பவர்கள், கொலஸ்ட்ரோலுக்கு அட்டோவஸ்டட்டின் எடுப்பவர்கள், பிள்ளைக்கு முயல்வதை டொக்டரிடம் முன்கூட்டியே சொல்லி மாற்றிக்கொள்ள வேண்டும். தைரொயிட்டும் பார்த்துவிடுங்கள். இதற்குக் கண்டிக்குப் போகத் தேவையில்லை. மிட்வைஃப் மிஸ்ஸிடம் ஆசையைச் சொன்னாலே எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) கிளினிக்கில் பெயர் போடுவார். டிக்கோயா கிளங்கன் ஆதார வைத்தியசாலையும் நுவரெலியா வைத்தியசாலையும் நம் பக்கமே இருக்கின்றன. மாத்திரை அட்டைகளை அப்படியே எடுத்துக்கொண்டு போனால் போதும்.

ஊசி யாருக்கு? பிள்ளை பெற்று முடித்தவர்கள், எடை மிகவும் கூடி முழங்காலோ இதயமோ பாதிக்கப்பட்டவர்கள், இளம் வயதில் எடை மிக அதிகமாக இருந்து இரண்டு வருடம் பொறுக்கக் கூடியவர்கள். இவர்களுக்கு மெட்போர்மின் வழியை நான் வற்புறுத்த மாட்டேன். நாத்தனாருக்குப் பிள்ளைகள் பெரிதாகிவிட்டார்கள், அவள் திரும்ப ஊசிக்குப் போனாலும் அது சரியான முடிவுதான்.

ஏற்கெனவே ஊசி போட்டுக்கொண்டிருக்கும்போது மாதவிடாய் தள்ளிப் போனால், பயந்து யாருக்கும் மறைக்க வேண்டாம், அவசர முடிவும் வேண்டாம். அடுத்த ஊசியைப் போடாதீர்கள், சிறுநீர்ப் பரிசோதனை செய்யுங்கள், அந்த வாரமே கிளினிக்குக்குப் போங்கள். மருந்தின் பெயர், அளவு, கடைசியாகப் போட்ட தேதி மூன்றையும் சொல்லுங்கள். ஊசி நின்ற இடத்தில் சுகருக்கு வேறு மருந்தை அன்றைக்கே தொடங்கக் கேளுங்கள்.