ஸ்பைனல், எபிடியூரல், முழு மயக்கம்: சிசேரியனுக்கு எது, எப்போது?

சிசேரியன் ஆகிப் பத்தாண்டு கழித்து இடுப்பு வலித்தாலும், "முதுகுல போட்ட ஊசிதான் காரணம்" என்று சொல்பவர்கள் நம்மிடையே நிறைய உண்டு. ஊசி போட்ட இடத்தில் சில நாள் வலி இருக்கலாம். ஆண்டுக்கணக்கில் நீடிக்கும் வலிக்கு அந்த ஊசி காரணம் என்று ஆய்வுகள் காட்டவில்லை. இந்தப் பழி பெரிதாகப் பேசப்படுவதால், மூன்று மயக்க முறைகளுக்கும் மெய்யாகவே உள்ள ஆபத்துகள் பேசப்படாமல் போகின்றன.

நாள் குறித்துச் செய்யும் சிசேரியனுக்கு இன்று பெரும்பாலும் ஸ்பைனல்தான். தலையணையைக் கட்டிக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருக்கும் பெண்ணின் தோளைச் செவிலியர் பிடித்துக்கொள்ள, தண்டுவடம் முடியும் இடத்துக்குக் கீழே, உறைக்குள் இருக்கும் தண்டுவடத் திரவத்தில், மெல்லிய ஊசி வழியாகச் சுமார் 2 மில்லி புபிவக்கெய்ன் என்ற மரத்துப்போகச் செய்யும் மருந்து செலுத்தப்படுகிறது. சில நிமிடங்களில் கால்கள் கனத்துவிடும். பிறகு ஸ்பிரிட் பஞ்சை வைத்து, சில்லிப்பு மார்பு வரை மறைந்துவிட்டதா என்று பார்ப்பார்கள். குழந்தையை எடுக்கும்போது இழுப்பதும் அழுத்துவதும் தெரியும், வலி தெரியாது. இதை முன்பே சொல்லி வைக்காவிட்டால், ஊசி பிடிக்கவில்லை என்று அந்தப் பெண் பயந்துவிடுவார்.

ஸ்பைனலின் முதல் தொல்லை இரத்த அழுத்தம் சரிவது. இரத்தக் குழாய்களை இறுக்கிப் பிடிக்கும் நரம்புகளும் சேர்ந்தே மரத்துப்போவதோடு, மல்லாந்து படுத்தால் கருப்பை பெரிய இரத்தக் குழாய்களை அழுத்துவதால், குழந்தைக்குப் போகும் இரத்தமும் குறையக்கூடும். "குமட்டுது டாக்டர்" என்று அவர் சொன்னால், வாந்திக்குத் தட்டு தேடுவதற்கு முன் அழுத்தத்தைப் பார்க்க வேண்டும். இடப்பக்கம் சற்றுச் சாய்த்து, இரத்த அழுத்தத்தை உயர்த்தும் பினைலெப்ரின் மருந்தைக் கொடுத்தால் பெரும்பாலும் உடனே சரியாகிவிடும். இரண்டாவது தொல்லை தலைவலி: எழுந்து உட்கார்ந்தால் மண்டை பிளக்கும், படுத்தால் தணியும். 1898-இல் இம்முறையைத் தன் உடம்பிலேயே சோதித்துப் பார்த்த ஜெர்மானிய அறுவை மருத்துவர் ஆகஸ்ட் பீர், தண்டுவடத் திரவம் கசிந்து இதே தலைவலியில் நாள்கணக்கில் அவதிப்பட்டார். உறையை வெட்டாமல் விலக்கிக்கொண்டு நுழையும் பென்சில் முனை ஊசி வந்தபின் இது வெகுவாகக் குறைந்திருக்கிறது.

எபிடியூரலில் மருந்து தண்டுவடத் திரவத்தைச் சூழ்ந்த உறைக்கு வெளியே, அங்கே வைத்துவிடும் மெல்லிய குழாய் வழியாகச் செல்கிறது. அந்தக் குழாய்தான் அதன் பலம். பிரசவ வலிக்காக ஏற்கெனவே போட்டிருந்தால், அவசரச் சிசேரியனுக்கும் அதன் வழியே மருந்தைக் கூட்டிக்கொள்ளலாம். ஆனால் அதன் ஊசி தடிமன். நூறில் ஒருவருக்கு அது தவறுதலாக அந்த உறையைத் துளைத்துவிடுகிறது, அவர்களில் பாதிப் பேருக்கு மேல் தலைவலி வருகிறது. மருந்தின் அளவும் ஸ்பைனலைவிடப் பல மடங்கு அதிகம் என்பதால், அது நேரே இரத்தத்தில் கலந்தால் வலிப்பும் இதய நிறுத்தமும் நேரலாம். முதலில் சிறிதளவு செலுத்திப் பார்ப்பது அதற்காகத்தான். எனவே குழாய் போடப்படாத பெண்ணுக்கு, சிசேரியனுக்கென்றே எபிடியூரலைத் தேர்ந்தெடுக்க, இதய நோய் போன்ற தனிக் காரணம் வேண்டும் என்பது என் கருத்து.

"தூங்க வைத்துவிட்டால் நிம்மதி" என்று வீட்டார் நினைக்கும் முழு மயக்கத்தில்தான் மருத்துவருக்கு நிம்மதி குறைவு. கர்ப்பிணியின் வயிற்றில் உள்ளது நுரையீரலுக்குள் போகும் ஆபத்தை 1946-இலேயே அமெரிக்க மகப்பேறு மருத்துவர் மெண்டல்சன் விவரித்துவிட்டார். தொண்டை வீங்கியிருப்பதால் மூச்சுக்குழாய்க்குள் குழாய் செலுத்துவது கடினம். உடம்பில் ஆக்சிஜனும் விரைவாகத் தீர்ந்துவிடும். மயக்க வாயு கருப்பையைத் தளர்த்தி இரத்தப்போக்கைக் கூட்டலாம். தூக்கத்தின் நடுவே நினைவு திரும்புவதும் உண்டு: 2014-இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வு, சிசேரியனில் இதைச் சுமார் 670-இல் ஒன்று என மதிப்பிட்டது. இவ்வளவு இருந்தும், குழந்தையின் இதயத்துடிப்பு சரிந்து மீளாதபோதும், இரத்தம் பெருகி ஓடும்போதும், இரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் மிகக் குறைந்து முதுகில் ஊசி போட முடியாதபோதும் இதுதான் கைகொடுக்கிறது.

ஆகவே மயக்க மருத்துவர் பார்க்க வரும்போது அவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டியது, கடைசியாகச் சாப்பிட்ட நேரமும், இரத்தம் உறையாமலிருக்க ஊசி போடுபவரானால் கடைசி ஊசி எத்தனை மணிக்கு என்பதும்தான்.